தராவீஹுக்கும் சஹருக்கும் இடைப்பட்ட நேரம்

இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ரமழானில், 14-ஆம் நோன்பின் இரவு என்று நினைவு, தஹஜ்ஜுத் என்ற பின்னிரவுத் தொழுகைக்காக 2 மணிக்கு எழுந்தபோது மகனின் அறைக் கதவுக்குக் கீழே மெல்லிய வெளிச்சம் தெரிந்தது. "இன்னும் தூங்கவில்லையா தம்பி?" என்று வெளியில் நின்றபடியே கேட்டேன். "ஓதிக்கொண்டிருக்கிறேன் உம்மா" என்று பதில் வந்தது. 15 வயதுப் பிள்ளை, யாரும் சொல்லாமல், நள்ளிரவில் குர்ஆன் ஓதுகிறான் என்ற மகிழ்ச்சியில் அன்றைய ஸஜ்தாவில், நெற்றியைத் தரையில் வைத்தபடியே, நான் அழுதேவிட்டேன். உண்மை தெரிய ஆறு நாட்கள் ஆயின. அவன் ஓதவில்லை, வகுப்புத் தோழனிடம் இரவல் வாங்கிய பழைய போனில் விளையாடிக்கொண்டிருந்தான். அந்த இரவல் போன் அவனுக்குத் தேவைப்பட்டதற்குக் காரணம், அவனுடைய சொந்தப் போனைப் பிறை தெரிந்த அன்றே நான் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்ததுதான். அந்த ஆண்டு நான் செய்த தவறுகளையும், அடுத்த ஆண்டு அவற்றை ஓரளவு சரிசெய்த விதத்தையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். ரமழானுக்கு முன்பு யாராவது ஒருவர் என்னை உட்காரவைத்து இதையெல்லாம் சொல்லியிருந்தால், ஒரு முழு ரமழானை என் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியே கழித்திருக்க மாட்டேன்.

என் கணவர் வேலை நிமித்தம் தொலைவில் இருக்கிறார். பெருநாளுக்கு வருவதே அரிது. ஆகவே வீட்டில் நானும், அப்போது 15 வயதான மகனும், 12 வயதான மகளும் மட்டுமே. கண்டிப்பதும் நான், சமாதானப்படுத்துவதும் நான் என்ற நிலையில் எதைச் சொன்னாலும் அது நச்சரிப்பாகவே பிள்ளைகளின் காதில் விழுந்தது. அதற்கு முந்தைய ஓராண்டாகவே போன் அவர்களை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டின்போது, தொழுகை முடித்துச் சலாம் கொடுத்த மறுகணம், படுக்கையில் என எங்கும் அது இருந்தது. ரமழான் வந்தால் எல்லாம் மாறிவிடும் என்று நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டே நாட்களைக் கடத்தினேன். என் முதல் தவறு அதுதான். பதினொரு மாதங்களாகக் கட்டிய பழக்கம் பிறையைப் பார்த்ததும் தானே உதிர்ந்துவிடும் என்று எதிர்பார்த்தேன்.

பிறை அறிவிக்கப்பட்ட இரவில் இருவரையும் அழைத்து, இந்த மாதத்தின் சிறப்பைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு, இரண்டு போன்களையும் வாங்கிப் பூட்டினேன். மகள் அழுதாள். மகன் ஒரு வார்த்தையும் பேசாமல் கொடுத்தான். அந்த அமைதியைப் பணிவு என்று நான் எடுத்துக்கொண்டேன். முதல் நான்கு நாட்கள் வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. ஐந்தாம் நாள் பள்ளிக்கூடத்தின் வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் வந்திருக்கிறது என்று போனைக் கேட்டார்கள். மறுக்க முடியவில்லை. அரைமணி நேரத்துக்கு என்று கொடுத்தது இரண்டு மணி நேரமாக நீண்டது. திரும்ப வாங்கும்போது சண்டை. நோன்போடு நான் உரக்கக் கத்தினேன். அன்றிரவு, பெருநாள் துணிக்கென்று எடுத்துவைத்திருந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்து, பிள்ளைகளின் போனைக் கண்காணிக்கும் செயலி ஒன்றுக்கு ஓராண்டுச் சந்தா கட்டினேன். மகன் அதன் நேரக் கட்டுப்பாட்டை மூன்றே நாட்களில் தாண்டிவிட்டான். போனின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவைத்தால் போதும் என்று பிறகு அவனே எனக்குச் சொன்னான். பணம் திரும்பி வரவில்லை. அதைவிடவும், செயலி காட்டும் பட்டியலைப் பார்த்துப் பார்த்து அவனைக் குறுக்கு விசாரணை செய்வதிலேயே அந்த வாரத்தில் என் ஓதலும் துஆ என்ற பிரார்த்தனையும் கரைந்துபோனது இன்றும் எனக்கு வலிக்கிறது. பூட்டும் செயலிகள் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆண்ட்ராய்டில் ஃபேமிலி லிங்க், ஐபோனில் ஸ்க்ரீன் டைம் என்று கட்டணமில்லாத வசதிகளே இருக்கின்றன. சிறு பிள்ளைகளுக்கு அவை உதவும். ஆனால் 15 வயதுப் பிள்ளையுடன் பேசி முடிக்காத ஒன்றை எந்தச் செயலியும் முடித்துத் தராது. பேசுவதற்கு முன் பணம் கட்டாதீர்கள்.

20-ஆம் நோன்பன்று மகன் சஹருக்கு, விடியலுக்கு முந்தைய நோன்பு உணவுக்கு, எழவில்லை. எத்தனை முறை எழுப்பியும் "எழுந்துவிட்டேன்" என்று சொல்லிச் சொல்லியே தூங்கிவிட்டான். ஒரு மிடறு தண்ணீர்கூட இல்லாமல் நோன்பு வைத்து, பிற்பகல் தொழுகையான அஸர் வேளையில் தலைவலியால் சுருண்டு படுத்தான், முகம் வெளிறியிருந்தது. தலையணையைச் சரிசெய்யக் கை வைத்தபோது அந்த இரவல் போன் என் கையில் அகப்பட்டது. அன்றைக்கு எப்படியோ என்னால் கோபப்பட முடியவில்லை. நோன்பைத் திறந்து, அந்தி நேர மஃரிப் தொழுத பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எத்தனை நாளாக?" என்று மட்டும் கேட்டேன். "ஏழாம் நோன்பிலிருந்து" என்றான். பிறகு, "நீங்கள் கதவுக்கு வெளியே நின்று கேட்ட அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன் உம்மா, பயமாக இருந்தது" என்றான். பொய்யான பேச்சையும் அதன்படி நடப்பதையும் விடாதவர், உணவையும் பானத்தையும் விட்டுவிடுவதில் அல்லாஹ்வுக்கு எந்தத் தேவையும் இல்லை என்ற நபிமொழியை நான்தான் அவனுக்குச் சிறுவயதில் சொல்லிக் கொடுத்திருந்தேன். புகாரியில் இடம்பெற்ற அந்த ஹதீஸ் அன்றிரவு என்னைத்தான் வந்து தைத்தது. பிள்ளையின் கையிலிருந்து போனை அகற்றுகிறேன் என்று போய், நோன்பாளிப் பிள்ளையின் நாவுக்குப் பொய்யைப் பழக்கியிருந்தேன். திரையில் கழிந்த மணி நேரங்களைவிட இது பெரிய இழப்பு என்று எனக்குப் பட்டது. அந்த எண்ணம்தான் அடுத்த ஆண்டு நான் எடுத்த முடிவுகள் எல்லாவற்றிலும் இருந்தது.

அந்தப் பெருநாள் முடிந்ததும் ஒரு தாளை எடுத்து, அவனையும் அருகில் வைத்துக்கொண்டு, நோன்பு நாளின் 24 மணி நேரத்தையும் எழுதிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் தராவீஹ் என்ற ரமழான் இரவுத் தொழுகை முடிந்து திரும்ப 10 மணி ஆகிவிடும்; சஹருக்கு 4 மணிக்கு எழ வேண்டும். இடையில் இருப்பது ஆறு மணி நேரம். அவனுடைய நண்பர்கள் எல்லாரும் "எப்படியும் சஹருக்கு எழத்தானே வேண்டும், விழித்தே இருந்துவிடலாம்" என்று 11 மணிக்குச் சேர்ந்து விளையாடத் தொடங்குவார்களாம். விடியல் தொழுகையான ஃபஜ்ர் தொழுதுவிட்டு, சில நாட்களில் தொழாமலும், படுப்பார்களாம். 13 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. அதிலும் பருவ வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் இயல்பாகவே தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. கண்ணுக்கு நேரே ஒளிரும் திரை அதை இன்னும் தள்ளிப்போடுகிறது. ஆக, பகலில் அவன் சிடுசிடுத்ததும், வகுப்பில் தலை சாய்ந்ததும், பசியைத் தாங்க முடியாமல் மீண்டும் திரைக்கே போனதும் எல்லாம் இரவின் ஆறு மணி நேரத்திலிருந்து வந்தவை. நானோ பகல் முழுவதும் போனைத் தேடித் தேடிப் பறித்துக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டில் எல்லா நேரத்தையும் ஒரே சமயத்தில் சீர்திருத்த முடியாவிட்டால், தராவீஹுக்கும் சஹருக்கும் இடைப்பட்ட இந்த நேரத்தை மட்டுமாவது முதலில் கையில் எடுங்கள். இரவுத் தூக்கம் சீரானால் பகலின் பாதிச் சண்டை இல்லாமலே போகிறது. என் வீட்டில் அப்படித்தான் போனது.

அடுத்த ஆண்டு, ரமழானுக்கு முந்தைய மாதமான ஷஅபான் பிறந்த முதல் வாரத்திலேயே தொடங்கினேன். இந்த முறை உபதேசம் எதுவும் இல்லை. மூவருடைய போன்களையும் மேசைமீது வைத்து, ஒவ்வொன்றும் தானாகவே எடுத்து வைத்திருக்கும் கணக்கைத் திறந்தோம். ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் டிஜிட்டல் வெல்பீயிங் என்ற பகுதியிலும், ஐபோனில் ஸ்க்ரீன் டைம் என்ற பகுதியிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. எந்தச் செயலியில் எவ்வளவு நேரம், ஒரு நாளில் எத்தனை முறை போன் திறக்கப்பட்டது என்பதுவரை காட்டும். மகனுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 7 மணி 40 நிமிடம். மகளுக்கு 5 மணி 20 நிமிடம். எனக்கு 4 மணி 10 நிமிடம். என்னுடைய எண்ணைப் பார்த்து இரண்டு பிள்ளைகளும் எதுவும் சொல்லாமல் இருந்தார்கள். அந்த மரியாதைதான் என்னைத் தலைகுனிய வைத்தது. கணவரோடு பேசியது, உறவினர் குழுக்கள், சமையல் காணொளிகள் என்று எனக்கும் காரணங்கள் இருந்தன. அவர்களுக்கும் காரணங்கள் இருந்தன. "நானும் குறைக்கிறேன், என் கணக்கை நீங்கள் வாரம் ஒருமுறை பாருங்கள்" என்று சொன்னேன். அதன் பிறகுதான் மகன் வாய் திறந்து பேசினான். பெற்றோர் தம் எண்ணை முதலில் காட்டாமல் பிள்ளைகளின் எண்ணைக் கேட்பதில் பயனில்லை என்பதை என்னால் அடித்துச் சொல்ல முடியும்.

அவன் சொன்னதில் எனக்குப் புதிதாகப் பட்டது ஒன்று. விளையாட்டை விடுவது அவனுக்கு அவ்வளவு கடினமாக இல்லையாம். "அந்த நேரத்தில் எல்லாரும் பேசிக்கொள்வார்கள். மறுநாள் வகுப்பில் அதைப் பற்றித்தான் பேச்சு. நான் மட்டும் எதுவும் தெரியாமல் நிற்பேன்" என்றான். ஆக, நான் பறித்தபோது அவனிடமிருந்து போனது நட்பு. இதற்கு மாற்று ஏதும் தராமல் விடு விடு என்று சொன்னால் எப்படி விடுவான்? அவனே ஒரு வழி சொன்னான். தராவீஹ் முடிந்ததும் பள்ளிவாசலுக்கு வெளியே நண்பர்கள் மூவருடன் அரைமணி நேரம் நின்று பேசிவிட்டு வருவான். நான் ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் அழைத்து எங்கே என்று கேட்கக் கூடாது. பெண்ணாய் இரவில் தனித்திருக்கும் எனக்கு அது எளிதாக இல்லை, ஆயினும் ஒப்புக்கொண்டேன். நண்பர்களில் ஒருவனின் தாயாருடன் முன்பே பேசி, அவர் வீட்டிலும் இரவு விளையாட்டுக்கு அதே தடை என்று ஆனது பெரிய உதவி. ஒரு பிள்ளை மட்டும் விலகினால் அது தண்டனையாகத் தெரிகிறது. இருவர் விலகினால் அது அவர்களுடைய முடிவாகிவிடுகிறது. நோன்புக்கு முன்பே இன்னொரு வீட்டாரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

10.45 மணிக்கு மூன்று போன்களும் கூடத்தில் ஒரு கூடைக்குள் போய்விடும், என்னுடையதும் சேர்த்து. இதற்கு ஒரு சிறு முன்னேற்பாடு தேவைப்பட்டது. சஹருக்கு எழுப்பும் அலாரம் போனில்தான் இருந்தது. அதைச் சாக்காக வைத்தே போன் படுக்கையறைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு சாதாரண அலாரக் கடிகாரம் வாங்கினோம். முந்தைய ஆண்டு கட்டிய சந்தாவோடு ஒப்பிட்டால் அதன் செலவு ஒன்றுமே இல்லை, ஆனால் பயன் பன்மடங்கு. அதுபோலவே தொழுகை நேர அட்டவணையை அச்சிட்டுச் சுவரில் ஒட்டினோம். பள்ளிக் குழுவில் வரும் வீட்டுப்பாடத்தைப் பார்க்க, நண்பகல் தொழுகையான லுஹருக்குப் பிறகு ஒரு நேரம் குறித்தோம். அப்போது என் போனில் பார்த்துத் தாளில் எழுதிக்கொள்வார்கள். போனைத் தொடுவதற்கான நியாயமான காரணங்களை ஒவ்வொன்றாக வேறு இடத்துக்கு மாற்றிய பிறகுதான் மீதமிருப்பது வெறும் பழக்கம் என்பது பிள்ளைகளுக்கே தெரிந்தது.

பகலில் எங்களுக்கு மிகவும் கடினமாக இருந்தது அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம். பசி, களைப்பு, புத்தகத்தில் கண் நிற்காது, கடிகாரம் நகராது. அந்த நேரத்தில் "போய் ஓது" என்று அனுப்பினால் பத்து நிமிடத்தில் திரும்பி வந்து நிற்பார்கள். பல நாட்கள் தடுமாறிய பிறகுதான் இது கைக்கு வேலை கொடுக்க வேண்டிய நேரம் என்று புரிந்தது. இஃப்தாருக்கான, அதாவது நோன்பு திறப்பதற்கான, வேலைகளில் சிலவற்றை முழுப் பொறுப்பாகவே அவர்களிடம் விட்டுவிட்டேன். பழம் நறுக்குவதும் பானம் கலப்பதும் மகள் வேலை. பக்கத்து வீடுகளுக்கும், பள்ளிவாசலில் நோன்பு திறப்பவர்களுக்கும் கொடுத்துவிட்டு வருவது மகன் வேலை. முதல் வாரத்தில் எதையாவது கொட்டினார்கள், உடைத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு நோன்பாளிக்கு நோன்பு திறக்க உதவுபவருக்கு, அந்த நோன்பாளியின் நன்மையில் எதுவும் குறையாமல், அதே அளவு நன்மை உண்டு என்ற ஹதீஸை மகன் பள்ளிவாசலில் கேட்டுவந்து எனக்கே சொன்னபோது, அந்த நேரத்துக்குப் போன் இல்லாமல் போனதை அவன் கவனிக்கவே இல்லை என்று தெரிந்தது. இஃப்தாருக்கு முந்தைய கடைசிப் பத்து நிமிடம் துஆவுக்கு என்று எல்லாரும் உட்கார்ந்தோம். சில நாட்கள் உட்கார்ந்தோம், சில நாட்கள் சமையலறையிலேயே கழிந்தது. அதற்காக நான் வருந்திக்கொண்டிருக்கவில்லை.

குர்ஆன் ஓதுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் முதல் ஆண்டு அதையும் நான் கெடுத்தேன். பரவலாகப் புழங்கும் மதீனா முஸ்ஹஃபில், அதாவது மதீனா அச்சுக் குர்ஆன் பிரதியில், 604 பக்கங்கள். குர்ஆனின் முப்பதில் ஒரு பகுதியான ஜுஸ்உ ஒன்று ஏறத்தாழ 20 பக்கம். ஐந்து வேளைத் தொழுகைக்குப் பின்னும் நான்கு நான்கு பக்கமாக ஓதினால் மாதத்தில் ஒருமுறை முடித்துவிடலாம் என்ற கணக்கை எழுதிக் கையில் கொடுத்திருந்தேன். கணக்கு சரிதான். வேகமாக ஓதப் பழகாத பிள்ளைக்கு நான்கு பக்கம் என்பது அரைமணிக்கும் மேல் ஆகும் என்பதை நான் யோசிக்கவில்லை. மூன்றாம் நாளே பின்தங்கினார்கள், ஆறாம் நாள் கைவிட்டார்கள், கைவிட்ட குற்ற உணர்ச்சியோடு மீண்டும் திரைக்குள் ஒளிந்துகொண்டார்கள். இரண்டாம் ஆண்டு, அவர்களே சொன்ன அளவு: மகனுக்கு வேளைக்கு இரண்டு பக்கம், மகளுக்கு ஒன்று. அமல்களில், அதாவது நற்செயல்களில், அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது, குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவது என்ற நபிமொழியை அப்போது நான் எனக்கே நினைவூட்டிக்கொண்டேன். மகன் அந்த மாதத்தில் பாதிக் குர்ஆனை ஓதி முடித்தான். இன்னொன்று, போனில் உள்ள குர்ஆன் செயலியில் ஓதுவதை எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டோம். அதில் ஓதுவது தவறு என்பதால் அன்று. ஒரு ஆயத்துக்கும் (வசனத்துக்கும்) அடுத்த ஆயத்துக்கும் நடுவே மேலிருந்து ஒரு நோட்டிஃபிகேஷன் இறங்கினால், என் கண்ணே அங்கே போய்விடுகிறது, பிள்ளைகளின் கண் போகாதா? ஆளுக்கொரு அச்சு முஸ்ஹஃப் போதுமானதாக இருந்தது.

மார்க்கக் காணொளிகள் விஷயத்தில் நான் நெடுநாள் ஏமாந்தேன். "பயான் (மார்க்க உரை) பார்க்கிறேன் உம்மா" என்றால் என்னால் மறுக்க முடியாது. உண்மையாகவே பயானில்தான் தொடங்குவான். ஒரு நிமிடத் துண்டு, அடுத்த துண்டு, அதற்கடுத்து யாரோ ஒருவர் இன்னொருவரை மறுத்துப் பேசும் துண்டு, பிறகு விளையாட்டு, பிறகு வேறு ஏதோ. தேடிப் போனது ஒன்று, விரல் தள்ளத் தள்ளத் தானாக வந்தது இன்னொன்று. இதற்கு நாங்கள் வைத்துக்கொண்ட விதி எளிமையானது: எதைக் கேட்கப் போகிறோம் என்று முதலில் சொல்லிவிட்டு, முழு உரையாக, கூடத்தில் ஒலியாகக் கேட்பது, ரீல்ஸ், ஷார்ட்ஸ் வடிவில் எதுவும் வேண்டாம், மார்க்கமாக இருந்தாலும். யூடியூபில் பார்த்தவற்றின் வரலாற்றை அழித்து, அதைச் சேமிப்பதையும் நிறுத்திவிட்டால், முகப்பில் பரிந்துரைகள் வரிசையாக வந்து நிற்பது நின்றுவிடுகிறது. தேடியதை மட்டும் பார்க்கலாம். இந்த ஒரு மாற்றம் எனக்கே நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சப்படுத்தியது.

மகளின் சிக்கல் வேறு. அவளுக்கு விளையாட்டில் ஈடுபாடு இல்லை. தோழிகளோடு ஸ்னாப்சாட்டில் ஸ்ட்ரீக் வைத்திருந்தாள். இருவரும் 24 மணி நேரத்துக்குள் ஒருவருக்கொருவர் படம் அனுப்பிக்கொண்டே இருந்தால்தான் அந்த எண் வளரும், ஒரு நாள் விட்டால் போய்விடும். 200 நாட்களைத் தாண்டிய எண்ணை விடச் சொல்வது எனக்கு அற்பமாகத் தெரிந்தது, அவளுக்கு அது தோழியையே விடுவதாகத் தெரிந்தது. முதல் ஆண்டு நான் போனைப் பூட்டியபோது அவள் அழுததன் காரணம் இதுதான் என்பதை ஓராண்டு கழித்துத்தான் அறிந்தேன். நாளுக்கு ஐந்து நிமிடம், லுஹருக்குப் பிறகு, அதற்கு மட்டும் என்று அனுமதித்தேன். பத்தாம் நோன்பில் அவளே, "விட்டுவிட்டேன் உம்மா, அவளிடம் சொல்லிவிட்டுத்தான் விட்டேன்" என்றாள்.

பெண் பிள்ளைகளின் தாய்மார்கள் கவனிக்க வேண்டிய, யாரும் வெளிப்படையாகச் சொல்லாத ஒன்று உண்டு. மாதவிடாயால் நோன்பும் தொழுகையும் இல்லாத அந்தச் சில நாட்களில் அவளுடைய அன்றாட ஒழுங்கு முழுவதும் அறுந்துவிடுகிறது. சஹருக்கு எழ வேண்டியதில்லை, தராவீஹ் இல்லை, எல்லாரும் தொழும்போது தனியே அறையில் இருக்கிறாள், நானாவின் (அண்ணனின்) முன்னால் சாப்பிடக் கூச்சம். அந்தத் தனிமையை நிரப்ப முதல் ஆண்டு அவளுக்குக் கிடைத்தது போன் மட்டும்தான். அந்த ஒரு வாரத்தில் எல்லாம் பழையபடி ஆனது. இரண்டாம் ஆண்டு முன்கூட்டியே பேசி வைத்தோம். அவள் விரும்பினால் சஹருக்கு எழுந்து எங்களோடு உட்காரலாம். திக்ர் என்ற இறைநினைவும் துஆவும் அவளுக்குத் தடையில்லை. ஓதக் கேட்கலாம், மொழிபெயர்ப்பை வாசிக்கலாம். நாங்கள் தொழும் நேரத்தில் இஃப்தார் விரிப்பின் பொறுப்பு முழுவதும் அவளுடையது. விட்டுப்போன நோன்புகளைப் பிறகு கழாச் செய்ய, அதாவது ஈடாக நோற்க, நானும் அவளும் ஒரே நாட்களைத் தேர்ந்தெடுத்து ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். அந்தத் தாள் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

எல்லாம் சீராகவே நடந்தது என்று எழுதினால் அது பொய். முதல் வாரத்தில் மகனின் சராசரி 3 மணி நேரத்துக்கு இறங்கியது. எனக்குத் தாங்க முடியாத மகிழ்ச்சி. இரண்டாம் வாரத்தில் புதுமை போய், உடலும் களைத்து, நாலரை மணிக்கு ஏறியது. 13-ஆம் நோன்பின் இரவில் கூடையிலிருந்து போனை எடுத்துப்போய் 3 மணி வரை விளையாடியிருக்கிறான். சஹரில் என் எதிரே உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, "நேற்று நான் எடுத்தேன் உம்மா" என்றான். நான் எதுவும் கண்டுபிடித்திருக்கவில்லை, அவனாகச் சொன்னான். முந்தைய ஆண்டின் கதவு வெளிச்சம் எனக்கு நினைவுக்கு வந்தது. "சரி, இன்று லுஹருக்குப் பிறகு கொஞ்சம் தூங்கு" என்று மட்டும் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பகலில் அவன் ஒரு மணி நேரம் தூங்கினான், மறுநாள் போன் கூடையில் இருந்தது. இரண்டாம் வாரச் சரிவை எதிர்பார்த்து, அப்போது கடைப்பிடிக்கக்கூடிய அளவுக்குத் தளர்வான ஒரு திட்டத்தை ஷஅபானிலேயே வைத்துக்கொள்வது நல்லது. எங்களிடம் அது இருக்கவில்லை.

கடைசிப் பத்து நாட்களில் இரு பிள்ளைகளும் தாங்களாகவே போனை அணைத்துக் கொடுத்தார்கள். லைலத்துல் கத்ர் என்ற மகத்தான இரவைத் தேடி ஒற்றைப்படை இரவுகளில் விழித்திருக்க வேண்டும் என்பதால், அந்த நாட்களில் மட்டும் பகல் தூக்கத்தைக் கூட்டினோம்; 21, 23, 25, 27, 29 ஆகிய ஐந்து இரவுகளிலும் முழு இரவும் விழிக்கும்படி நான் கேட்கவில்லை. 27-ஆம் இரவில் மகன் பள்ளிவாசலிலேயே தங்கினான். அவன் அங்கே என்ன செய்கிறான் என்று அழைத்துக் கேட்க என் கை பலமுறை கூடைப் பக்கம் போனது. அழைக்கவில்லை.

பெருநாள் அன்று போன்கள் வெளியே வந்தன, மூன்று நாட்களுக்கு மகனின் கணக்கு 6 மணி நேரத்துக்கு மேல். ஒரு மாத உழைப்பும் போய்விட்டதே என்று உடைந்துபோனேன். ரமழானை அடுத்து வரும் ஷவ்வால் மாதத்தின் ஆறு நோன்புகளை மூவரும் ஒன்றாக வைக்கத் தொடங்கியபோது இரவுக் கூடை மட்டும் தானாகத் திரும்பி வந்தது. அந்த ஆறு நாட்களோடு அது நிற்கவில்லை. பகல் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் நழுவிவிட்டன, அதை மறைக்க ஒன்றுமில்லை. இப்போது அவனுடைய சராசரி நாலரை மணி நேரம், என்னுடையது இரண்டரை. ரமழான் ஆண்டுதோறும் 10 அல்லது 11 நாட்கள் முன்னதாக வருவதால், இம்முறை அவனுடைய முக்கியமான தேர்வுகள் நோன்புக்குள்ளேயே விழுகின்றன; சென்ற ஆண்டின் அட்டவணை இதற்குப் பொருந்தாது. நேற்று, ஷஅபானுக்கு முந்தைய ரஜப் மாதக் கடைசியில், மகள் ஒரு புதுத் தாளை எடுத்து வந்து, "இந்தத் தடவை முதலில் உங்கள் போனைத் திறங்கள் உம்மா" என்று மேசையில் உட்கார்ந்தாள். திறந்து கொடுத்தேன். மகன் அப்போது இன்னும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கவில்லை. அவனுக்கு ஒரு பத்தியை ஒதுக்கிவைத்திருக்கிறாள்.